வெள்ளெருக்கு விதை போட்டால் ஊதா பூக்குமா? கண்மாய்க் கரையில் சில சோதனைகள்

வெள்ளெருக்கு என்று சொல்லி வாங்கி வந்த கன்று வளர்ந்து பூத்தால் ஊதா. இப்படிப் புலம்புகிறவர்களை எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் நிறையப் பார்க்கலாம். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பார்கள். நர்சரிக்காரரைக் கேட்டால், "வெள்ளைச் செடியில பறிச்ச காய்தான் சார், உங்க வீட்டு மண்ணு வாகு அப்படி" என்பார். இரண்டு தரப்புமே பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிறத்தைத் தீர்மானித்தது எது? மண்ணா, வெயிலா, பூவின் வயதா, செடியின் பிறப்பா?

இதைச் சோதிக்க எருக்கைவிட வசதியான செடி கிடைக்காது. தானாகவே முளைத்துக் கிடக்கும் காட்டுப் புதர், நம் மண்ணுக்கே உரியது, தண்ணீர் கேட்காது. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஊதாவும் வெள்ளையும் கிளைகள் உரச நிற்கின்றன. நடுவில் ஊதா என்றும் சொல்ல முடியாமல் வெள்ளை என்றும் சொல்ல முடியாமல் வெளிறிய சிலதும் உண்டு.

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். வெள்ளெருக்கு என்று பலர் காட்டும் செடி சில சமயம் வேறு இனமாக இருக்கும். இதழ்கள் மேல்நோக்கி நிமிர்ந்து, உடல் வெள்ளையாகவும் நுனி மட்டும் அடர் ஊதாவாகவும் இருந்தால் அது கலோட்ரோபிஸ் புரோசெரா. நான் எடுத்துக்கொண்டது கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா, அதாவது பெரிய பூ, இதழ்கள் விரிந்து பின்னோக்கி வளையும் எருக்கு. இதில் வெள்ளை என்றால் இதழ், நடு மகுடம் எல்லாமே பால்வெள்ளை.

கையில் எடுக்கும் முன் ஒன்று. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். உடனே எரியவில்லையே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் எல்லா வேலையும் செய்தேன். மொட்டை நெற்றியில் அடித்து 'டப்' என்று உடைத்து விளையாடிய தலைமுறை நாங்கள். இப்போது நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

வயதைத்தான் முதலில் பார்த்தேன், அதுதான் சுலபம். பூவரசம் பூ காலையில் மஞ்சளாக விரிந்து மாலைக்குள் சிவந்துவிடும். அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளை மொய்த்துக் கிடக்கும் உண்ணிச்செடியில் ஒரே கொத்தில் இளம் பூ மஞ்சளாகவும் மூத்த பூ இளஞ்சிவப்பாகவும் இருக்கும். அங்கே இரண்டு நிறம் என்றால் இரண்டு வயது. எருக்கில் மொட்டுக்காம்பில் நூல் கட்டி, உதிரும் வரை பார்த்துவந்தேன். ஊதா, முதிர முதிரக் கொஞ்சம் வெளுத்தது. வெள்ளை, மொட்டிலிருந்து உதிர்வு வரை வெள்ளையே. வயது காரணமில்லை.

அடுத்தது மண். இந்த நம்பிக்கைக்கு வேர் எங்கே என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஊட்டி, கொடைக்கானலில் ஹைட்ரான்ஜியா பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்: புளிப்பு மண்ணில் நீலம் பூக்கும், சுண்ணாம்பு போட்டால் இளஞ்சிவப்பாகும். அது உண்மைதான். ஆனால் அங்கே மண்ணின் புளிப்பு நேராகப் பூவுக்குப் போவதில்லை. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியே ஏறுகிறது, அது இதழில் ஏற்கெனவே இருக்கும் நிறமியோடு சேர்ந்து நீலமாக்குகிறது. நிறமியே இல்லாத வெள்ளை ஹைட்ரான்ஜியாவுக்கு எவ்வளவு அலுமினியம் கொடுத்தாலும் நீலம் வராது. இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சரி, எருக்கிலும் செய்து பார்த்துவிடலாம் என்று இரண்டு நிறத்திலும் கட்டைவிரல் பருமன் முற்றிய கிளைகளை வெட்டினேன். பால் வடிந்து வெட்டுவாய் காயும் வரை நிழலில் கிடத்தி, பிறகு நட்டேன். வெட்டிய உடனே ஈர மண்ணில் வைத்தால் அழுகிவிடும். ஒரு வரிசைப் பைகளில் செம்மண்ணும் மணலும், இன்னொன்றில் கண்மாய் வண்டல், மூன்றாவது வரிசைக்குச் செம்மண்ணோடு அவ்வப்போது படிகாரக் கரைசல். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது, நாட்டு மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும். பாதிச் செடிகளை வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள் மொட்டையடித்துவிட்டன. எருக்கம்பாலின் நஞ்சு அவற்றை ஒன்றும் செய்வதில்லை, அதைத் தின்றே தங்களுக்குக் காவலாக்கிக்கொள்ளும் கூட்டம் அது. மிஞ்சியவற்றைக் கொசுவலைக்குள் வைத்துக் காப்பாற்றினேன்.

பூத்தபோது எந்த மண்ணிலும் வெள்ளை வெள்ளையாகவே வந்தது, ஊதா ஊதாவாகவே வந்தது. படிகாரம் குடித்த ஊதாச் செடியிலும் என் கண்ணுக்குத் தெரிந்து நீலம் கூடவில்லை. இதழின் உள்ளே புளிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைச் செடி தானே பார்த்துக்கொள்கிறது. 'ஹெவன்லி ப்ளூ' என்ற காலைச்சுருள் (மார்னிங் குளோரி) வகையில் மொட்டு செவ்வூதாவாக இருந்து விரியும்போது வானீலமாகும். இதழணுக்களின் பி.எச். (புளிப்பு, காரத்தின் அளவுகோல், புளிப்பு குறையக் குறைய இது ஏறும்) 6.6 இலிருந்து 7.7 வரை ஏறுவதுதான் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் அளந்து காட்டினார்கள். அந்த ஏற்றத்தைச் செய்வது செடியின் சொந்த இயந்திரம்.

வெயிலுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. ஊதாச் செடியில் சில மொட்டுக்கொத்துகளை இரட்டைக் கறுப்புத் துணிப் பையால் மூடிவிட்டு, பக்கத்துக் கொத்துகளைத் திறந்து விட்டேன். பைக்குள் விரிந்தவை ஒரு படி வெளிறி இருந்தன. மார்கழியில் பார்த்த அதே செடியைச் சித்திரை வெயிலில் பார்த்தாலும் சோகையாகத்தான் தெரிகிறது. ஊதா நிறமி உருவாக ஒளி உதவும், கடுமையான வெப்பம் அதைக் குறைக்கும். பல செடிகளில் இது தெரிந்த விஷயம். ஆனால் வெயில் செய்வது ஊதாவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டும். உச்சி வெயிலில் நிற்கும் வெள்ளெருக்கில் ஒரு பொட்டு ஊதா வரவில்லை. வெளிறிய செடிகளில் நிழலில் நிற்பவை சிலவற்றுக்கு இதுவே விளக்கமாக இருக்கலாம். வெயிலிலும் வெளிறியே இருப்பவற்றுக்கு வேறு காரணம் வேண்டும்.

இனி சமையலறை வேலை, எனக்குப் பிடித்த பகுதி. இதழ்களைப் பறித்து, காயத்தில் வடியும் பாலை ஒற்றி எடுத்து, செய்தித்தாளில் நிழல் காய்ச்சலாகப் போட்டேன். பச்சையாக அரைத்தால் பால் கலந்து கரைசல் கலங்கிவிடும். காய்ந்ததை ஒரு பழைய கல்வத்தில் இடித்து, மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காபி வடிதாளில் வடிகட்டினேன். அடுப்புப் பக்கமே போகாமல் செய்ய வேண்டும், ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும். அந்தக் கல்வமும் டம்ளரும் இனி சமையலுக்குக் கூடாது.

ஊதா இதழ்ச் சாறு முதலில் ஏமாற்றும். ஸ்பிரிட்டில் நிறமே இல்லாததுபோல் மங்கலாக இருக்கும். அதில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் இளஞ்சிவப்பு எழுந்து வருகிறது. இன்னொரு டம்ளரில் சலவை சோடாக் கரைசல் விட்டால் நீலம் கலந்த பச்சை, கொஞ்ச நேரத்தில் அது மஞ்சளாகிச் செத்துவிடும். புளிப்பில் சிவப்பு, காரத்தில் பச்சை என்றால் அது ஆந்தோசயனின் என்ற நிறமி. சங்குப்பூவிலும் நாவல்பழத் தோலிலும் இருப்பது இதே குடும்பம். ஒப்பிட்டுப் பார்க்கக் காகிதப்பூவையும் அரைத்து வைத்தேன். எலுமிச்சைக்கு அது அசையவே இல்லை. அதில் இருப்பது பீட்ரூட்டில் உள்ள பீட்டாலைன். ஆந்தோசயனினும் பீட்டாலைனும் ஒரே செடியில் சேர்ந்து இருந்ததாக இதுவரை யாரும் கண்டதில்லை. ஆவாரம்பூவின் மஞ்சள் வேறு கதை. அதற்குப் பெரும்பாலும் கரோட்டினாய்டு பொறுப்பு, அது எண்ணெயில் கரையும், புளிப்புக்கும் காரத்துக்கும் நிறம் மாற்றாது.

வெள்ளை இதழ்ச் சாறில் எலுமிச்சை விட்டேன். ஒன்றும் இல்லை. சோடா விட்டேன். லேசான, ஆனால் சந்தேகமில்லாத மஞ்சள்.

இந்த மஞ்சள்தான் முக்கியமான துப்பு என்பதால் இதழிலேயே நேராகப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்கு அம்மோனியா ஆவி வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் கிடைக்கும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வாங்குவது. அதில் ஒரு சிட்டிகையோடு தாம்பூலச் சுண்ணாம்பைக் குழைத்தால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா கிளம்பும். வாசலில், காற்றோட்டமாக, மூஞ்சியைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்தேன். ஜாடியின் அடியில் அந்தக் குழம்பு, மேலே நூலில் கட்டித் தொங்கவிட்ட பூக்கள், மூடி. எருக்கம் பூவுக்கு மெழுகுப் பூச்சு கனம், அதனால் ஆவி ஏற நேரமாகும். இதழை நகத்தால் லேசாகக் கீறி வைத்தால் சீக்கிரம் நடக்கிறது. ஊதாப் பூ பச்சைப்பட்டது. வெள்ளைப் பூ மஞ்சளானது. வெளியே எடுத்து வைத்ததும் இரண்டும் மெல்லத் தெளிந்தன.

வெள்ளை மஞ்சளாவதன் அர்த்தம், அந்த இதழ் காலியாக இல்லை என்பது. அதில் ஃப்ளேவனால் போன்ற, கண்ணுக்கு நிறமில்லாத சேர்மங்கள் இருக்கின்றன. அவை காரத்தில் மஞ்சளாகும். ஊதாப் பூ பச்சையானதும் இதனால்தான்: நீலமான ஆந்தோசயனினும் மஞ்சளான ஃப்ளேவனாலும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை.

ஃப்ளேவனாலும் ஆந்தோசயனினும் ஒரே வாய்க்காலில் வரும் தண்ணீர். ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, சால்கோன் சின்தேஸ் என்ற நொதியின் மடையைத் தாண்டி, இன்னும் சில படிகள் இறங்கி, ஒரு இடத்தில் கிளை பிரிகிறது. ஒரு கிளை ஃப்ளேவனாலுக்கு, இன்னொன்று ஆந்தோசயனினுக்கு. மேல்மடையே அடைபட்டிருந்தால் இரண்டுமே இருக்காது, அம்மோனியாவிலும் இதழ் வெள்ளையாகவே நின்றிருக்கும். என் வெள்ளெருக்கு மஞ்சளாகியதால், கிளை பிரியும் இடம் வரைக்கும் தண்ணீர் ஓடுகிறது, அடைப்பு ஆந்தோசயனின் கிளையில் அதற்குக் கீழே இருக்கிறது. நவச்சாரமும் சுண்ணாம்பும் வைத்து இவ்வளவு தூரம் சொல்ல முடிவது எனக்கே ஆச்சரியம்.

அடைப்பு என்றால் நொதியின் மரபணு கெட்டிருக்கலாம், அல்லது அந்த நொதிகளை வேலைக்கு எழுப்பும் கட்டுப்பாட்டு மரபணு தூங்கியிருக்கலாம். இயற்கையில் நிறம் மாறிய பல செடிகளில் இரண்டாவது வகைதான் பிடிபட்டிருக்கிறது. இலை, தண்டு எங்கும் தேவைப்படும் நொதியைக் கெடுத்தால் செடிக்கு நஷ்டம் அதிகம், பூவுக்கு மட்டுமான சுவிட்சை அணைத்தால் பூ மட்டும் வெளுக்கும். மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் 1866இல் எழுதிய பட்டாணியின் ஊதா-வெள்ளைப் பூ வேறுபாடும் இப்படி ஒரு சுவிட்ச்தான் என்று 2010இல் கண்டுபிடித்தார்கள். சுவிட்ச் முழுதாக அணையாமல் பாதியில் நின்றால் வெளிறிய ஊதா வரும். கரையில் வெயிலில் நின்றும் வெளுத்திருக்கும் செடிகள் மேல் எனக்கு இந்தச் சந்தேகம்தான்.

பிறப்பு என்று முடிவானால் அடுத்தது கலப்பினச் சோதனை. எருக்கில் இது கொஞ்சம் கண்ணைக் கெடுக்கும் வேலை. மகரந்தம் தூளாக இருக்காது. பொலினியம் என்று கட்டியாக, இரண்டிரண்டாக ஒரு கரும் கிளிப்பில் மாட்டியிருக்கும். பூவின் நடுவே ஐங்கோணத் தட்டு இருக்கிறதல்லவா, அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு கரும்புள்ளி தெரியும். பத்து மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு அந்தப் புள்ளியை மெல்லிய ஊசியால் மேல்நோக்கி நெம்பினால் ஜோடியாக வெளியே வரும். அதில் ஒன்றைப் பிரித்து, இன்னொரு பூவில் தட்டின் பக்கவாட்டில் இருக்கும் செங்குத்துப் பிளவுக்குள் நுழைக்க வேண்டும். வளைந்த விளிம்பு உள்பக்கம் போக வேண்டும், திருப்பி வைத்தால் பிடிக்காது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு, பெயரில்தான் வண்டு, இனத்தில் அது தேனீ, இதைக் காலில் மாட்டிக்கொண்டு போய் அநாயாசமாகச் செய்துவிடுகிறது. நான் செய்ததில் பெரும்பாலானவை உதிர்ந்தன, சில காய்த்தன.

முன்கூட்டியே மொட்டுக் கொத்தைக் கொசுவலைத் துணியால் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கருவண்டு முந்திக்கொள்ளும். காய் முற்றும்போதும் கட்டு வேண்டும். ஒரு வெடிப்பில் எருக்கம்பஞ்சு பறந்துவிட்டால் உழைப்பெல்லாம் காற்றோடு போச்சு.

ஆனால் எருக்கு இதில் ஒரு சலுகை தருகிறது. ஒரு பொலினியத்தில் இருக்கும் மகரந்தம் ஒரு முழுக் காய்க்கும் போதும். ஆகவே ஒரு காயின் விதைகளுக்குப் பொதுவாகத் தகப்பன் ஒன்றே. மற்ற பூக்களில் ஒரு காய்க்குள் பல தகப்பன்கள் கலந்துகிடக்கும் தொல்லை இங்கே குறைவு.

இப்போது நர்சரி வழக்கைத் திரும்பப் பார்க்கலாம். வெள்ளைத் தாயின் காயாக இருந்தாலும் கருவண்டு கொண்டுவந்தது பக்கத்து ஊதாச் செடியின் பொலினியமாக இருந்தால், வெள்ளை ஒடுங்கிய பண்பு, அதாவது ஊதாவோடு சேர்ந்தால் மறைந்துகொள்வது என்ற கணக்கில், அந்தக் காயின் கன்று முழுக்கவும் ஊதாவாகலாம். தகப்பனுக்குள் வெள்ளை மறைந்திருந்தால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. விற்றவர் விதையைப் பற்றிச் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், மண்ணைப் பற்றிச் சொன்னதுதான் சமாளிப்பு. வெள்ளை நிச்சயம் வேண்டும் என்றால் பூ பார்த்த செடியின் கிளையை வெட்டி நடுங்கள்.

கண்மாய்க் கரையில் இரண்டு நிறமும் ஏன் தங்கியிருக்கிறது என்பது தனிக் கேள்வி. நிறத்தால் ஆதாயம் இருந்தால் எப்படிப் பிரியும் என்பதற்குக் கலிபோர்னியாவில் நல்ல உதாரணம் இருக்கிறது. சான் டியாகோ பக்கத்துக் காட்டுப் புதரான மிமுலஸ் ஆரன்டியாகஸ், கடலோரம் சிவப்பாகவும் உள்நாட்டில் மஞ்சளாகவும் பூக்கிறது. சிவப்பை ஹம்மிங் பறவை விரும்புகிறது, மஞ்சளை அந்திப்பூச்சி விரும்புகிறது. நிற வேறுபாட்டின் பெரும்பங்கு ஒரே ஒரு கட்டுப்பாட்டு மரபணுவில் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடைப்பட்ட பகுதியில் நடு நிறங்கள். எங்கள் கரையில் அப்படிப் பிரிவு தெரியவில்லை, கருவண்டு இரண்டு நிறத்திலும் போய் உட்காருகிறது. ஒரு காயின் உடன்பிறப்புகள் பஞ்சோடு பறந்து ஒரே காலி இடத்தில் விழுந்து முளைத்தாலே அங்கே ஒரு நிறம் கூடிவிடும், அதற்கு ஆதாயம் எதுவும் தேவையில்லை.

மனிதர்களும் கணக்கில் வர வேண்டும். வேரில் பிள்ளையார் செதுக்க வெள்ளெருக்கைத்தான் தேடித் தோண்டுகிறார்கள், ஊதாவை யாரும் தொடுவதில்லை. கோயில் வாசலில் நட்டு வளர்ப்பதும் வெள்ளையைத்தான். கரையில் குறைத்து, கோயிலில் கூட்டுகிறோம். வேரோடு பிடுங்குவது எனக்குப் பிடிக்காத வேலை, அதைச் சொல்லிவிடுகிறேன். போன மழைக்கு முன்பு நல்ல வெள்ளை ஒன்று இப்படித்தான் குழியாகிப் போனது.

என் பைகளில் இப்போது நாற்றுகள் நிற்கின்றன: வெள்ளைக்கு ஊதா, ஊதாவுக்கு வெள்ளை, கரை வெள்ளைக்குக் கோயில் வெள்ளை. கடைசி வகைக்காகத்தான் அதிக ஆவல். நூறாண்டுக்கு முன்பு இங்கிலாந்தில் பேட்ஸன், புன்னெட் என்ற மரபியலாளர்கள் இரண்டு வெள்ளை ஸ்வீட் பட்டாணிகளைக் கலந்தபோது பிள்ளைகள் எல்லாம் ஊதாவாகப் பூத்தன. இரண்டு வெள்ளையும் வெவ்வேறு இடத்தில் அடைபட்டிருந்ததால், ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிட்டது. கரை வெள்ளையும் கோயில் வெள்ளையும் சேர்ந்து வெள்ளையே பெற்றால் இரண்டிலும் அடைப்பு ஒரே இடத்தில் என்று எடுத்துக்கொள்ளலாம், ஊதா வந்தால் வெவ்வேறு இடத்தில். பட்டாணியில் ஊதா பூப்பவற்றின் இலைக்கக்கத்தில் சிவப்பு இருக்கும் என்று மெண்டல் எழுதினார். எருக்கிலும் அப்படி ஏதாவது தெரியுமா என்று நாற்றுத் தண்டின் வெண்பஞ்சைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். பையில் சீட்டு மட்டும் போதாது, மழையில் எழுத்து அழிகிறது. பழைய அலுமினியத் தகட்டை வெட்டி ஆணியால் கீறி, கம்பியில் கட்டிவிட்டிருக்கிறேன்.